ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின் முதல் ஆல்பம்: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெட்டுக்குப் பழகிய காது ராப்-மெட்டலை (ராப்பும் கனமான மெட்டல் ராக்கும் கலந்த இசை) முதன்முதலாகக் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தர் கத்துகிறார், கிடார் இரைகிறது, ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்றே பிடிபடாது. "செம ஆல்பம், கேளு" என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நீங்களாவது சுற்றி வளைக்காமல் போய்ச் சேருங்கள்.

எடுத்துக்கொண்டிருப்பது லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின் 1992 நவம்பரில் வெளியிட்ட முதல் ஆல்பம். குழுவின் பெயர்தான் ஆல்பத்துக்கும் பெயர். 10 பாட்டு, ஏறக்குறைய 53 நிமிடம். ராப்-மெட்டலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் கட்சி. நாலே பேர்தான் வாசிக்கிறார்கள், நாலு பேரும் தனித்தனியாகக் காதில் விழுவார்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்வதானால்: முதலில் குரலை விட்டுவிட்டு, தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிடாரைப் பிடியுங்கள். கிடாரும் வரிகளும் தானாகப் பின்னால் வரும்.

1. சரியான பதிப்பை எடுங்கள்

ஆப்பில் பெயரைப் போட்டுத் தேடினால் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான அட்டையோடு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது 10 பாட்டு மட்டும் உள்ள பதிப்பு. ஆல்பத்தின் 20-ஆம் ஆண்டுக்காக 2012-இல் ஒரு பெரிய பதிப்பு வந்தது. அதில் 1991-ஆம் ஆண்டு டெமோவும் சேர்ந்திருக்கிறது. டெமோ என்பது இவர்களே பதிவு செய்து கேசட்டாக விற்றது. 12 பாட்டு, செய்தித்தாளின் பங்குச்சந்தைப் பக்கத்தை அட்டையாக்கி, அதில் நிஜத் தீக்குச்சி ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். சுவாரசியமான சரக்குதான். ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு ஒரே பாட்டு இரண்டு விதமாக வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கெட்ட வார்த்தைகளை வெட்டிய 'கிளீன்' வடிவம் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். 'எக்ஸ்ப்ளிசிட்' என்று குறி போட்டதுதான் முழு வடிவம். வெட்டிய வடிவத்தில் இரண்டாவது பாட்டின் உச்சக்கட்டம் வெறும் ஓட்டையாகிவிடும். வீட்டில் குழந்தைகளோ பெரியவர்களோ இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

லைவ் பதிவுகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கூட்டத்தின் கூச்சலில் பேஸ் அமுங்கிப்போகும்.

பிளே பொத்தானை அழுத்தும் முன் அமைப்புகளில் நாலு விஷயம் பார்க்க வேண்டும். ஷஃபிள் அணைந்திருக்கட்டும். கிராஸ்ஃபேட் அணைந்திருக்கட்டும், ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் கலந்துவிடும். ஆட்டோபிளே அணைந்திருக்கட்டும், 10-வது பாட்டு முடிந்ததும் ஆப் தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டுக் கெடுக்கும். ஈக்வலைசரில் 'பேஸ் பூஸ்ட்' அணைந்திருக்கட்டும். பேஸைக் கேட்கச் சொல்லிவிட்டு பேஸ் பூஸ்ட் வேண்டாம் என்கிறானே என்று நினைக்காதீர்கள். அதைப் போட்டால் பேஸும் டிரம்ஸின் கிக்கும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றோடொன்று குழைந்து, எது எது என்று தெரியாமல் போகும்.

2. செலவும் டேட்டாவும்

ஒரு பைசா செலவில்லாமல் கேட்க முடியும். யூடியூபில் குழுவின் அதிகாரபூர்வ சேனலில் பாட்டுகள் கிடைக்கின்றன. தொல்லை விளம்பரம்தான்: அடங்கிய ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வெடிக்க வேண்டிய இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தால் எல்லாம் போச்சு. சில ஆப்களின் இலவசக் கணக்கில் ஆல்பத்தை வரிசையாகக் கேட்கவே விடமாட்டார்கள்.

அதனால் ஏதாவது ஒரு ஆப்பில் ஒரு மாதச் சந்தா மட்டும் எடுங்கள். இந்த ஆல்பத்துக்கு ஒரு மாதம் தாராளம். முதல் மாதம் இலவசம் என்று சலுகை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பணம் கட்டும்போது யூபிஐ-யில் ஆட்டோபே அனுமதி ஒன்றும் சேர்த்தே வாங்கிக்கொள்வார்கள். போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடாது. முதலில் ஆப்பின் கணக்குப் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்யுங்கள், அப்புறம் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள். சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்தாலும் மாதம் முடியும் வரை கேட்க விடுகிற ஆப்கள் உண்டு. நிபந்தனையைப் படித்துவிட்டு அப்படியே செய்துவிடுங்கள். நினைவு வைத்திருக்க வேண்டிய தொல்லை இல்லை.

டேட்டா கணக்கு: 320 கேபிபிஎஸ் தரத்தில் 53 நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி ஆகும். லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் குறைக்காத தரம்) என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு. பலமுறை கேட்கப்போகிறீர்கள் என்பதால் வைஃபையில் ஒருமுறை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வதே மிச்சம்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இது ருசிக்காகச் சொல்வதில்லை. பேஸ் கிடாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்காது. இந்த ஆல்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சுமாரான வயர் இயர்போன் போதும். காதுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதுதான் முக்கியம், தளர்வாக இருந்தால் பேஸ் வெளியே கசிந்துவிடும். ஒலியைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். 53 நிமிடமும் முழுச் சத்தத்தில் கேட்டால் இரவு காது ரீங்கரிக்கும்.

எல்பி தட்டு வாங்கத் துடிக்காதீர்கள். இறக்குமதித் தட்டு சில ஆயிரம் ரூபாய் ஆகும், பிளேயர் செலவு தனி. ஆல்பம் பிடித்துப்போய், இன்னும் ஆறு மாதம் கழித்தும் கேட்டுக்கொண்டிருந்தால் அப்போது வாங்கலாம்.

3. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

முதல் காகிதம் அட்டைப்படம். தீப்பற்றி எரிந்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பௌத்தத் துறவி. இது வரைந்த ஓவியமில்லை. 1963 ஜூன் 11 அன்று சைகோனில், பௌத்தர்களை ஒடுக்கிய தெற்கு வியட்நாம் அரசை எதிர்த்து திக் குவாங் டுக் என்ற துறவி தன்னை எரித்துக்கொண்டபோது, அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் மால்கம் பிரவுன் எடுத்த புகைப்படம். ஆல்பம் எந்தத் தொனியில் பேசப்போகிறது என்பதற்கு இதைவிட முன்னுரை வேண்டியதில்லை. இளகிய மனசுக்காரர்கள் போன் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, சிடியோடு வந்த சிறுபுத்தகம். ஸ்கேன் செய்த பக்கங்கள் தேடினால் கிடைக்கும். அதில் பாட்டுவரிகள் அச்சாகியிருக்கின்றன, ஒரே ஒரு பாட்டைத் தவிர. இரண்டாவது பாட்டின் தலைப்பு மட்டும் இருக்கும், வரிகள் இருக்காது, நேராக மூன்றாவதுக்குத் தாவிவிடும். பக்கம் கிழிந்துபோன பிரதி என்று நினைத்துத் தேடி அலையாதீர்கள்; அச்சிட்டதே அப்படித்தான்.

சிறுபுத்தகத்தில் இன்னொரு அறிவிப்பும் உண்டு: இந்தப் பதிவில் சாம்பிளோ (வேறு பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) கீபோர்டோ சின்தசைசரோ பயன்படுத்தவில்லை என்று. இதை மனசில் வாங்கிக்கொண்டுதான் பாட்டுக்குள் போக வேண்டும். காரணம் அடுத்த படியில்.

பாட்டுவரி விளக்கத் தளங்களை முதல் சுற்றில் திறக்காதீர்கள். கண் படிக்க ஆரம்பித்தால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

4. யாருடைய சத்தம் எது

ஸாக் டி லா ரோச்சா ராப் செய்கிறார், கத்துகிறார், சில இடங்களில் முணுமுணுக்கிறார். டிம் காமர்ஃபோர்ட் பேஸ். பிராட் வில்க் டிரம்ஸ். டாம் மொரெல்லோ கிடார்.

புதிதாகக் கேட்பவர்கள் தடுமாறுவது மொரெல்லோவிடம்தான். டிஜே தட்டைத் தேய்ப்பது போலவும், சைரன் போலவும், ஏதோ மெஷின் பழுதாகித் திக்குவது போலவும் சத்தங்கள் வரும். எல்லாம் கிடார்தான். மூன்று வித்தைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வித்தை, டாகிள் சுவிட்ச். எலெக்ட்ரிக் கிடாரில் தந்திக்கு அடியில், அதன் அதிர்வைப் பிடித்து ஒலியாக அனுப்பும் இரண்டு பிக்கப் இருக்கும். எதிலிருந்து ஒலி போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன சுவிட்ச். மொரெல்லோ ஒரு பிக்கப்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைக்கிறார், மற்றதை முழுசாகத் திறக்கிறார். இடது கையால் தந்தியை அழுத்திக்கொண்டு வலது கையால் அந்தச் சுவிட்சைத் தட்டத் தட்ட, லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது போல ஒலி வெட்டி வெட்டி வருகிறது. திக்குகிற சத்தம் எல்லாம் இதுதான்.

இரண்டாவது, வாமி பெடல். காலால் அழுத்தினால் ஸ்வரம் ஒன்று அல்லது இரண்டு ஸ்தாயி மேலே ஏறும். தந்தியே இல்லாத உயரத்தில் கிடார் கிறீச்சிட்டால் கால் வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்றாவது வா-வா பெடல். பெயரைச் சொல்லிப் பார்த்தாலே சத்தம் தெரிந்துவிடும்.

அவருடைய கை வேலையைப் பார்க்க ஏதாவது ஒரு லைவ் வீடியோவை ஐந்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். லைவ் பதிவுகளை ஒதுக்கச் சொன்னேன்தான், இது கண்ணுக்கு மட்டும்.

5. முதல் பாதி: 1 முதல் 5 வரை

இந்தப் பாதி சுமார் 25 நிமிடம். சாப்பிட்டு முடித்து, போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் போட்டு, தொடையில் நாலு எண்ணித் தட்டியபடி கேளுங்கள். ஸ்னேர் டிரம் (படீரென்று வெடிக்கும் டிரம்) பெரும்பாலும் 2-லும் 4-லும் விழும். எங்கே தொலைந்துபோனாலும் அந்த அடியைப் பிடித்துத் திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

'பாம்ப்ட்ராக்' தாழ்ந்த ஒலியில் ஆரம்பிக்கும். சத்தம் போதவில்லையே என்று கூட்டிவிடாதீர்கள், ஆல்பத்தின் முதல் பொறி இதுதான். பேஸும் கிடாரும் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கை) அடக்கி வாசிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே ரிஃப் முழு டிஸ்டார்ஷனோடு (கிடாரின் கரகரத்த இரைச்சலோடு) வந்து விழும். கூட்டி வைத்தவர் அந்த இடத்தில் இயர்போனைப் பிடுங்கி எறிவார். ஒரே ரிஃப் அடங்கியும் ஓங்கியும் வருவதை இங்கேயே கவனித்துவிட்டால் மிச்ச ஆல்பத்தின் கட்டுமானம் பாதி புரிந்தமாதிரி.

'கில்லிங் இன் தி நேம்' எல்லோரும் கேட்டிருக்கும் பாட்டு, அதுவே அதன் கஷ்டம். இதை மட்டும் கேட்டுவிட்டு ஆல்பம் முழுக்க இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வரிகள் என்று பார்த்தால் கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப வருகின்றன. மொரெல்லோ ஒரு மாணவருக்கு கிடார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இந்த ரிஃப் கையில் சிக்கியது. பாடத்தை நிறுத்திவிட்டு உடனே பதிவு செய்து வைத்தார். அடித் தந்தியை ஒரு ஸ்வரம் தளர்த்தி வாசிப்பதால் ரிஃப்புக்கு அந்தக் கனம். கடைசிப் பகுதியில் குரல் முணுமுணுப்பாக ஆரம்பித்து, ஒரே மறுப்பை 16 தடவை சொல்லிச் சொல்லி அலறலாக ஏறும். அந்த ஏற்றத்தில் குரலைக் கேட்காதீர்கள், டிரம்ஸைக் கேளுங்கள்; பிராட் வில்க் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டைத் திறந்துவிடுகிறார் என்று தெரியும். 2009-இல் டிவி பாட்டுப்போட்டி வெற்றியாளரின் பாட்டே வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முதலிடத்தைப் பிடிக்கிறது என்று கடுப்பான பிரிட்டிஷ் ரசிகர்கள் கூடி, 17 வருஷப் பழைய இந்தப் பாட்டை வாங்கித் தள்ளி முதலிடத்தில் உட்கார வைத்தார்கள். பண்டிகைக் காலத்துக்கு இதைவிடப் பொருந்தாத பாட்டு உலகத்தில் இருக்காது.

'டேக் தி பவர் பேக்'தான் நான் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்யும் பேஸ் பாடம். டிம் காமர்ஃபோர்ட் கட்டைவிரலால் தந்தியை அறைந்து, விரலால் கொக்கிபோல் இழுத்து வாசிக்கிறார். ஸ்லாப் என்பார்கள். ஆரம்பத்திலேயே அது தெளிவாகக் கேட்டால் உங்கள் இயர்போன் தேறிவிட்டது. மங்கலாகக் கேட்டால் மிச்சத்தைக் கேட்கும் முன் காதுமுனையை மாற்றிப் பாருங்கள். பாட்டின் பொருள் அமெரிக்கப் பள்ளிப் பாடத்திட்டம் ஐரோப்பாவை நடுவில் வைத்து மற்றவர்களை ஓரம் கட்டுவது பற்றி.

'செட்டில் ஃபார் நத்திங்' வேகம் குறைந்தது. பலர் இங்கேதான் அடுத்த பாட்டுக்குத் தாவுவார்கள், தாவாதீர்கள். கேங் வன்முறையில் சிக்கிய ஒரு பையனின் குரல் கிட்டத்தட்டக் காதுக்குள் பேசுகிறது, பிறகு கிழிகிறது. நடுவில் டிஸ்டார்ஷன் இல்லாத, ஜாஸ் வாடை அடிக்கும் கிடார் வரும். சத்தம் போடத்தான் தெரியும் என்று மொரெல்லோவைப் பற்றி யாராவது சொன்னால் இதைப் போட்டுக் காட்டலாம்.

'புல்லட் இன் தி ஹெட்' இரண்டு பாட்டை ஒட்டவைத்தது போல இருக்கும். முன்பாதி முழுக்க பேஸ் தான் பாட்டு; கிடார் ஓரத்தில் நின்று கீச்சுமூச்சென்று சத்தம் மட்டும் போடுகிறது. அப்புறம் ஒரு திருப்பம். ரிஃப் மாறி, கனம் ஏறி, தலைப்பைக் கத்திக் கத்தி முடிகிறது. தொலைக்காட்சி சொல்வதை அப்படியே விழுங்குகிறவர்களைத் திட்டும் பாட்டு. 1991 வளைகுடாப் போர் ஓய்ந்து அதிக நாள் ஆகாத காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

இங்கே நிறுத்துங்கள். முதல் தடவையே 10 பாட்டையும் மூச்சுப் பிடித்துக் கேட்டால் எட்டாவதில் காது மரத்துவிடும். மிச்சம் நாளைக்கு.

6. இரண்டாம் பாதி: 6 முதல் 10 வரை

'நோ யுவர் எனிமி' தொடங்கும்போது வரும் அந்தத் திக்கல் சத்தம், நாலாவது படியில் சொன்ன டாகிள் சுவிட்ச். இப்போது அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்பதால் தனி சந்தோஷம். நடுவில் ஒரு புதுக் குரல் இழுத்துப் பாடும். அது டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனன். டூலின் கிடார்காரர் ஆடம் ஜோன்ஸும் மொரெல்லோவும் இல்லினாய் மாநிலத்தில் ஒரே பள்ளியில் படித்து, ஒரே பள்ளிக்கூட பேண்டில் வாசித்தவர்கள்.

ஏழாவது, 'வேக் அப்'. இதற்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். இந்த ஆல்பத்தில் ஆவணம் தேவைப்படும் பாட்டு இதுதான்.

அமெரிக்க உளவு-புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1956 முதல் 1971 வரை கோயின்டெல்ப்ரோ என்ற ரகசியத் திட்டம் ஒன்றை நடத்தியது. உள்நாட்டு இயக்கங்களுக்குள் ஆள் நுழைப்பது, தலைவர்களுக்குள் சண்டை மூட்டுவது, பெயரைக் கெடுப்பது என்று வேலை. எட்கர் ஹூவர் தலைமையில் இருந்த அமைப்பு 1968 மார்ச் 4 தேதியிட்டு ஒரு குறிப்பாணை அனுப்பியது. கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டக்கூடிய மீட்பர் ஒருவர் எழுந்துவிடாமல் தடுக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருந்த குறிக்கோள்களில் ஒன்று. மால்கம் எக்ஸ் அப்படி ஆகியிருக்கக்கூடும் என்றும், மார்ட்டின் லூதர் கிங் ஆகக்கூடும் என்றும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 4 அன்று, கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாட்டின் நடுவில் இசை அடங்கும் இடத்தில் ஸாக் தாழ்ந்த குரலில் வாசிப்பது இந்தக் குறிப்பாணையிலிருந்துதான். முதல் முறை கேட்கும்போது அது பின்னணி முணுமுணுப்பாகத்தான் படும், பலர் சத்தம் குறைந்த இந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப் பார்ப்பார்கள். அங்கே ஒலியை ஒரு புள்ளி கூட்டிக் கேளுங்கள், ஆனால் விரலை அதிலேயே வையுங்கள், உடனே குறைக்க வேண்டியிருக்கும். வியட்நாம் போரை எதிர்த்துப் பேசிய பிறகு கிங் மேல் பாய்ந்தார்கள் என்று பாட்டு சொல்கிறது. நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் அந்த உரையை ஆற்றியது 1967 ஏப்ரல் 4. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாட்டின் கோபத்துக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கோயின்டெல்ப்ரோ ஆவணங்களை எஃப்பிஐயே தன் ஆவணத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மங்கலான தட்டச்சுப் பக்கங்கள், கறுப்பு மை தடவி மறைத்த பெயர்கள். எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்தால் மாதக்கணக்காகும், இந்த ஒரு குறிப்பாணை மட்டும் போதும். பாட்டின் ரிஃப் மெதுவாக, கனமாக, அதிகாரத்தோடு நடக்கிறது. 1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தின் முடிவில் ஒலிப்பது இதுதான் என்பதால் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

'ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் ஸ்டீல்' பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைக்கையே ஆயுதமாகப் பேசும் பாட்டு. கிடார் சைரன் போல ஊளையிடும், ரசியுங்கள், கடந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் ஆல்பத்தில் கொஞ்சம் தொய்வது இந்த இடத்தில்தான்.

'டவுன்ஷிப் ரெபெல்லியன்' தென்னாப்பிரிக்காவின் கறுப்பினக் குடியிருப்புகளையும் லாஸ் ஏஞ்சலிஸின் சவுத் சென்ட்ரல் பகுதியையும் ஒரே மூச்சில் பேசுகிறது. ஆல்பம் வந்தபோது தென்னாப்பிரிக்காவில் எல்லோருக்கும் ஓட்டுரிமை உள்ள முதல் தேர்தல் இன்னும் நடக்கவில்லை, அது 1994 ஏப்ரலில்தான். சவுத் சென்ட்ரலோ 1992 ஏப்ரல் கடைசியில் பற்றி எரிந்திருந்தது. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்கள் மீதான வழக்கில் வந்த தீர்ப்பு அதற்குக் காரணம். ஜோஹன்னஸ்பர்க்கும் சவுத் சென்ட்ரலும் ஒரே வரியில் வருவது எதுகைக்காக மட்டும் இல்லை.

'ஃப்ரீடம்' கடைசி, 6 நிமிடம். லெனார்ட் பெல்டியர் என்ற பூர்வகுடிச் செயற்பாட்டாளரின் வழக்கைப் பற்றியது. 1975-இல் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ ஏஜென்ட்டுகள் இறந்தார்கள். அந்த வழக்கில் 1977-இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று பல பத்தாண்டுகளாகக் குரல் எழுந்தது. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இங்கே கவனம்: அவர் இன்னும் சிறையில் இருப்பதாக அவற்றில் எழுதியிருக்கும். 2025 ஜனவரியில் அதிபர் பைடன் தண்டனையை வீட்டுக்காவலாக மாற்றினார், பிப்ரவரியில் பெல்டியர் வெளியே வந்தார். பாட்டு நடுவில் வேகம் இறங்கி, மறுபடி கட்டி எழுப்பி, அலறலும் கிடார் ஃபீட்பேக்குமாக (ஸ்பீக்கருக்கு எதிரே நிற்கும் கிடாரின் ஊளை) முடிகிறது. முடிந்தவுடன் வேறு எதையும் போடாதீர்கள். ஆட்டோபிளேயை அணைக்கச் சொன்னதே இதற்குத்தான்.

7. இரண்டாம் சுற்று: இப்போது வரிகள்

முதல் சுற்று முடிந்து ஒரு நாள் இடைவெளி விடுங்கள். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் வரிகளைப் படியுங்கள், மூடி வையுங்கள், அப்புறம் பாட்டைப் போடுங்கள். படித்துக்கொண்டே கேட்பது வேண்டாம். ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம் வைத்தால் மாலைக்கு மூன்று நாலு பாட்டு, மூன்று மாலையில் ஆல்பம் முடியும்.

எல்லா வார்த்தையும் புரியாது. ஸாக் பேசுவது 90-களின் அமெரிக்கத் தெருமொழியும் அரசியல் கூட்ட மொழியும் கலந்தது. பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'வேக் அப்' பாட்டில் காசியஸ் என்று வருவது குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பழைய பெயர். இப்படி ஒரு பெயர் தெரிந்தால் நாலு வரி சேர்ந்து திறக்கும். விளக்கத் தளங்களில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் பாதி ஊகம்தான். தேதியும் பெயரும் உள்ள விளக்கத்தை நம்புங்கள், 'இது ஒரு குறியீடு' என்று ஆரம்பிப்பதை விட்டுவிடுங்கள்.

அரசியல் ஒத்துவரவில்லை என்றாலும் பரவாயில்லை. இந்த நாலு பேர் வாசிப்பதைக் கேட்க உறுப்பினர் அட்டை யாரும் கேட்கமாட்டார்கள்.

8. மூன்றாம் சுற்று, விருப்பமிருந்தால்

ஒரு கருவியை மட்டும் தேர்ந்து 10 பாட்டையும் கேளுங்கள். என் சிபாரிசு டிரம்ஸ். பிராட் வில்க் அலங்காரம் அதிகம் செய்யாதவர், அதனால் புதியவர்கள் அவரைக் கவனிப்பதே இல்லை. ரிஃப்புக்கும் அடுத்த ரிஃப்புக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளிகளைக் கேளுங்கள். குழு மொத்தமும் ஒரு கணம் நின்று, சேர்ந்தே மறுபடி விழும் இடங்கள் ஒவ்வொரு பாட்டிலும் இருக்கின்றன. இந்தச் சுற்றை வண்டி ஓட்டும்போது வைத்துக்கொள்ளாதீர்கள், கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும்.

9. அடுத்து எதைக் கேட்பது

இதே குழுவுக்கு இன்னும் மூன்று ஸ்டுடியோ ஆல்பங்கள் உண்டு: 1996-இல் 'ஈவில் எம்பயர்', 1999-இல் 'தி பேட்டில் ஆஃப் லாஸ் ஏஞ்சலிஸ்', 2000-இல் 'ரெனிகேட்ஸ்'. வரிசைப்படி போக வேண்டியதில்லை. இரண்டாவது வறண்டது, கரடுமுரடானது. முதல் ஆல்பத்தின் சூட்டோடு போனால் ஏமாற்றமாக இருக்கும். மூன்றாவதுக்குத் தாவுங்கள், அப்புறம் இரண்டாவதுக்குத் திரும்புங்கள். 'ரெனிகேட்ஸ்' முழுக்க மற்றவர்கள் பாடிய பாடல்களை இவர்கள் தங்கள் பாணியில் வாசித்தது. மூலப் பாடலை ஒன்று, இவர்களுடையதை ஒன்று என்று ஜோடி போட்டுக் கேட்டால்தான் அதில் சுவை, ஆகவே நேரம் இரட்டிப்பாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.